வொலூமென் புருத்தால்: சத்தமா, சொந்த மொழியில...

ஹார்ட் ராக்னா இங்கிலீஷ்ல தான் பாடணும்னு யாரோ சட்டம் போட்ட மாதிரி ஒரு காலம் இருந்துச்சுங்க. ஸ்கார்பியன்ஸ் ஜெர்மனிக்காரங்க, ஆனா பாடினது இங்கிலீஷ். 1966-ல ஸ்பெயின்லேர்ந்து லோஸ் பிராவோஸ்னு ஒரு குழு 'பிளாக் இஸ் பிளாக்' பாட்டை வச்சு பிரிட்டன் பட்டியல்ல இரண்டாம் இடம் வரைக்கும் போனாங்க. அதுவும் இங்கிலீஷ் பாட்டு தான். பாடினவர் ஸ்பெயின்காரர் கூட இல்ல, ஜெர்மன்காரர்!

இந்தக் கதையில குறுக்கே வந்த ஒரு ஆல்பத்தைப் பத்தி தான் இந்தப் பதிவு. குழு பேரு பரோன் ரோஹோ. ஆல்பம் 'வொலூமென் புருத்தால்', 1982. நம்ம பாஷையில சொன்னா 'முரட்டுச் சத்தம்'. பேருக்கு ஏத்த சரக்கு :-)

பரோன் ரோஹோன்னா சிவப்பு பிரபு. முதல் உலகப் போர்ல 80 விமானங்களைச் சுட்டு வீழ்த்தின ஜெர்மன் விமானி ரிச்தோஃபெனோட பட்டப்பேரு. 1980-ல மாட்ரிட்ல ஆரம்பிச்ச குழு. அர்மாண்டோ, கார்லோஸ்னு தே காஸ்த்ரோ சகோதரர்கள் ரெண்டு பேரும் கிடார். பாஸ் கிடார் 'ஷெர்பா'ங்கிற ஹோசே லூயிஸ் கம்புசானோ. டிரம்ஸ் ஹெர்மெஸ் கலாப்ரியா, இவர் உருகுவேக்காரர்.

அந்த நாட்டோட நிலைமையையும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சர்வாதிகாரி ஃபிராங்கோ செத்தது 1975-ல. அதுவரைக்கும் பாட்டு வரிகளையே தணிக்கைக்குக் காட்டித் தான் ரெக்கார்டு போடணும். 1981 பிப்ரவரி 23 அன்னிக்கு துப்பாக்கியோட ஒரு கூட்டம் நாடாளுமன்றத்துக்குள்ளயே புகுந்து ஆட்சியைப் பிடிக்கப் பார்த்துச்சு. நல்லவேளை, தோத்துப் போச்சு. அடுத்த வருஷமே இந்த ஆல்பம். 'லோஸ் றோக்கெரோஸ் வான் அல் இன்ஃபியெர்னோ'ன்னு ஒரு பாட்டு. அர்த்தம், 'ராக்கர்கள் நரகத்துக்குப் போறாங்க'. போனா போறோம்யாங்கிற தோரணை. பாதிரியாரும் போலீசும் இத்தனை வருஷம் மிரட்டி வச்சிருந்த ஊர்ல இதைச் சத்தம் போட்டுப் பாடுறதுக்கு ஒரு தைரியம் வேணும் தானே?

ரெக்கார்டிங் நடந்தது லண்டன்ல, டீப் பர்ப்பிள் புகழ் இயன் கில்லனோட ஸ்டுடியோவுல. கில்லன் குழுவோட காலின் டவுன்ஸ் கீபோர்டு வாசிச்சார், கிங் கிரிம்சன்ல இருந்த மெல் காலின்ஸ் சாக்ஸபோன். ஆல்பத்துக்கு இங்கிலீஷ் வடிவமும் ஒண்ணு போட்டாங்க. அந்த வரிகளுக்கு உதவி செஞ்சவர் யாருன்னு நினைக்கிறீங்க? அப்பத்தான் அயர்ன் மெய்டன்ல சேர்ந்திருந்த புரூஸ் டிக்கின்சன்! அந்த வருஷமே ரெடிங் திருவிழாவுலயும் வாசிச்சாங்க. 'பரோன் இங்கிலாந்து மேல பறக்கிறான்'னு ஆல்பத்துல ஒரு பாட்டு வேற. லொள்ளைப் பாருங்க!

இவ்வளவு பெரிய ஆளுங்க உதவியிருந்தும், நாப்பது வருஷத்துக்கு மேல ஓடின பிறகு ஜனங்க மனசுல நிக்கிறது ஸ்பானிஷ் வடிவம் தான்.

எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. ரெண்டையும் மாத்தி மாத்திக் கேட்டுப் பார்த்தேன். காரணம் காதுலயே கிடைக்குது. மேல சொன்ன நரகப் பாட்டோட தலைப்பை எண்ணுங்க. லோஸ்-றோ-க்கெ-ரோஸ்-வான்-அல்-இன்-ஃபியெர்-னோ. ஒன்பது அசை. நேரா இங்கிலீஷ் ஆக்கினா 'ராக்கர்ஸ் கோ டு ஹெல்', அஞ்சே அசை. ஒன்பது பேர் உக்காந்த பெஞ்சுல அஞ்சு பேரை உக்கார வச்சா நடுவுல இடைவெளி தெரியும்ல? அதை அடைக்க வேற வார்த்தைகளைக் கொண்டு வரணும். அப்புறம் அந்த 'ற'! நம்ம 'ற' மாதிரி நாக்கை உருட்டுறாங்க. கிடார் உறுமுறதுக்கும் அதுக்கும் அப்படி ஒரு பொருத்தம். பாதிக்கு மேல வார்த்தைங்க உயிரெழுத்து ஓசையில முடியுறதால, கடைசி எழுத்தை எவ்வளவு நேரம் வேணும்னாலும் இழுத்துக் கத்தலாம்.

"புரியாத பாஷையில என்னத்தடா கேக்குற?"ன்னு ஆபீஸ்ல ஒரு நண்பன் கேட்டான். செத்துப்போன கலைஞர்களுக்காகவே 'கொன்சியெர்தோ பாரா எயோஸ்'னு ஒரு பாட்டு இருக்கு, 'அவங்களுக்காக ஒரு கச்சேரி'. ஹெண்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்ளின், லெனன்னு பேருங்க வரும். அதை அவன் காதுல மாட்டி விட்டேன். பேரு மட்டும் தான் புரிஞ்சுது அவனுக்கு. பாட்டு முடியிற வரைக்கும் ஹெட்போனைக் கழட்டல.

இங்கிலீஷ் வடிவம் போட்டதை நான் குறை சொல்ல மாட்டேன். நாலு ஊருக்குப் போகணும்னு யாருக்குத் தான் ஆசை இருக்காது? "இதையே இங்கிலீஷ்ல எழுதினா இன்னும் நிறைய பேர் படிப்பாங்களே"ன்னு நம்மகிட்ட கேக்குறவங்க இருக்காங்க தானே. அவங்க சொல்றதும் கணக்குப்படி சரி தான். ஆனா கணக்குக்கு அடங்காத ஒண்ணு 2018 பிப்ரவரியில மாட்ரிட்ல நடந்துச்சு. கச்சேரிக்கு வந்த மெட்டாலிக்கா குழுவோட ராபர்ட் ட்ருஹியோவும் கிர்க் ஹாமெட்டும் நடுவுல இந்த நரகப் பாட்டை எடுத்து விட்டாங்க. பாடினது ஸ்பானிஷ்ல! அமெரிக்காவுலேர்ந்து வந்த ஆளுங்க, அந்த ஊர்ப் பாட்டை, அந்த ஊர் பாஷையில. அரங்கம் என்ன ஆகியிருக்கும்னு நீங்களே கற்பனை பண்ணிக்கோங்க.

கேக்கணும்னு தோணினா முதல் பாட்டு 'இன்கொமுனிகசியோன்'லேர்ந்து ஆரம்பிங்க. ஸ்பானிஷ் வடிவம் தானான்னு பார்த்துக்கோங்க. வீட்ல தங்கமணி இல்லாத நேரமா இருந்தா உத்தமம், சத்தம் அப்படி :-)