ஜெகதாப்பட்டினம் டு டொரன்டோ... பெரியப்பா கைக்கு ஒரு ஜோடி கையுறை!

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் ‘ஜெகதாப்பட்டினம்’ என்று டைப் செய்தால், அடுத்த வார்த்தை பெரும்பாலும் ‘மீனவர்கள் கைது’ என்றுதான் வரும். நானே அப்படிப் பல செய்திகள் போட்டிருக்கிறேன். அந்த ஊரில் என் பெரியப்பா இருக்கிறார் என்பதும், அவருக்குக் குளிர்காலத் தோல் கையுறை வாங்கத்தான் போன மாதம் லீவு போட்டேன் என்பதும் டெஸ்க்கில் யாருக்கும் தெரியாது.

அக்கா டொரன்டோவில் நர்ஸ். ஜனவரியில் பிரசவம். அங்கே அந்த மாதத்தில் மைனஸ் பத்துக்குக் கீழே போவதெல்லாம் சாதாரணம். “அப்பாவுக்கு நல்ல லெதர் கிளவுஸ் மட்டும் வாங்கிக் கொடுத்து அனுப்புடி, மத்ததை நான் பாத்துக்கிறேன்” என்றாள். இதில் என்ன கஷ்டம் என்றுதான் நினைத்தேன்.

அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோயில், மீமிசல் வழியாகப் பஸ். கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பியதுமே கருவாட்டு வாசம் ஜன்னலுக்கு வந்துவிடும். இங்கே வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகும், மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு. நான் போனது விசைப்படகுகள் நின்றிருந்த நாள். தளத்தில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாக் நீரிணை அங்கே பெரிதாக அலையடிக்காது. சேற்று நிறத்தில், குளம் மாதிரி சும்மா கிடக்கும். முதல் முறை பார்ப்பவர்களுக்கு இதுவா கடல் என்று ஏமாற்றமாக இருக்கும். எனக்குப் பிடிக்கும்.

“கை அளவு எடுக்கணும், நீட்டுங்க பெரியப்பா.” பெரியப்பா இடது கையை நீட்டினார். வலது கை வேட்டி மடிப்பிலேயே இருந்தது. எங்கள் குடும்ப போட்டோக்கள் எல்லாவற்றிலும் அது அப்படித்தான் இருக்கும். பல வருடங்களுக்கு முன் வின்ச் கயிற்றில் மாட்டி மோதிர விரல் பாதியோடு போய்விட்டது. “எல்லாருக்கும் அஞ்சு வெரலுக்குத்தானத்தா தப்பான். அந்த ஒத்த வெரலு மட்டும் காத்துல தொங்கும். மாப்புள வீட்டாளுக முன்னாடி அது வேணாம்” என்றார்.

கையுறை அளவு எடுக்கும் முறை எளிது. கட்டை விரலை விட்டுவிட்டு, விரல் முட்டிகளுக்குக் கீழே உள்ளங்கையைச் சுற்றி டேப் பிடிக்க வேண்டும். அந்த அங்குலக் கணக்குதான் கையுறையின் நம்பர். நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரையும் அளந்துகொள்வது நல்லது. பெரியப்பாவுக்குச் சுற்றளவு பத்தேகால். எக்ஸ்.எல். நம்பர்தான். ஆனால், கயிறு இழுத்து இழுத்து அகன்ற கைக்கு விரல்கள் குட்டை. அறந்தாங்கியிலும், புதுக்கோட்டை கீழ ராஜ வீதியிலும் தேடியதில் கிடைத்தவை பைக் ஓட்டும் கையுறையும், வெல்டிங் கையுறையும்தான். வெல்டிங் கையுறை அசல் தோல்தான், சந்தேகமில்லை. ஆனால், அதைப் போட்டுக்கொண்டு பாஸ்போர்ட்டை எடுக்க முடியாது. ஆன்லைனில் வரவழைத்த எக்ஸ்.எல்., உள்ளங்கையில் பிடித்து விரல் நுனியில் தொளதொளத்தது. அந்த ஒற்றை விரல், அவர் சொன்னபடியே தொங்கியது. திருப்பி அனுப்பிவிட்டேன்.

கடைசியில் நோட்டுத் தாளில் அவருடைய இரண்டு கைகளையும் வைத்து, பென்சிலால் வரைந்து எடுத்துக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறினேன்.

சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரியமேடு தோலுக்கென்றே ஆன பேட்டை. குரோம்பேட்டைக்குப் பேர் வந்ததே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால்தான். அடையாறில் 1948-ல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆம்பூரும் ராணிப்பேட்டையும் உலகத்துக்கே ஷூ அனுப்புகின்றன. இத்தனை இருந்தும் குளிருக்கான கையுறையைக் கடையில் கேட்டால் ‘இங்க யாரும்மா போடுறா?’ என்கிறார்கள். அதுவும் நியாயம்தான். தொழிற்சாலைக் கையுறைகள்கூட பெரும்பாலும் கொல்கத்தாவிலிருந்துதான் வருகின்றன.

ஜாக்கெட் தைக்கும் ஒரு சின்னப் பட்டறையில்தான் நோட்டுத் தாளை வாங்கிப் பார்த்தார்கள். அங்கிருந்த வயதான தையல்காரர் பாதி விரலைத் தொட்டு, “இது அளவா, பென்சில் நழுவிடுச்சா?” என்றார். அளவுதான் என்றேன். வேறெதுவும் கேட்கவில்லை. செம்மறியாட்டுத் தோலைக் காட்டினார். நம் ஊர்ச் செம்மறிகளுக்குக் கம்பளி கிடையாது, குட்டை முடிதான். அதனால் தோல் மெல்லிசாக, இழுவையாக இருக்கும், கையுறைக்கு அதுதான் தோது என்றார். ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் வேண்டாம், விறைப்பாக நிற்கும், குரோம் தோல்தான் கைக்குப் படியும் என்றார். தோல் இழுபடும் திசை உள்ளங்கைக்குக் குறுக்கே வரும்படி வெட்ட வேண்டுமாம். புதிதில் உள்ளங்கை கொஞ்சம் பிடிப்பாக இருக்கலாம், போடப் போட இளகிவிடும். ரொம்ப இறுக்கினால் ரத்தம் ஓடாது, கை இன்னும் சில்லிடும். வெறும் தோல் குளிரைத் தாங்காது என்பதால் உள்ளே கம்பளி லைனிங் கொடுத்தார். எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய். பேரம் பேச எனக்கு மனசு வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் ஜெகதாப்பட்டினம். ஏலக்கூடத்து வாசலில், உச்சி வெயிலில், பெரியப்பா முதலில் வலது கையைத்தான் நுழைத்தார். அந்த மோதிர விரல் அதன் இடத்திலேயே சரியாக முடிந்திருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழே ஒரு ரூபாய்க் காசைப் போட்டு, கையுறையோடு எடுக்கப் பார்த்தார். இரண்டு முறை வழுக்கியது, மூன்றாவதில் எடுத்துவிட்டார். இடது கட்டை விரல் கொஞ்சம் இறுக்கம். “கெடக்கட்டும், எளகிரும்” என்றார்.

வீடியோ காலில் அக்கா. “பேரப்புள்ளையத் தூக்கும்போதும் இதப் போட்டுக்கிறேன்த்தா, கை சொரசொரன்னு இருக்கு” என்றார் அவர். அவள் சிரித்தாள். “வீட்டுக்குள்ள ஹீட்டர் இருக்குப்பா, கிளவுஸெல்லாம் வேணாம். வெறுங்கையிலயே தூக்குங்க.” பிறகு என்னிடம், “ஹீட்டர் மேல வெச்சுக் காய வைக்கக் கூடாதுன்னு சொல்லுடி. ரோட்டுல பனிக்கு உப்பு கொட்டியிருப்பாங்க, அது பட்டா ஈரத் துணியால துடைக்கணும். இல்லன்னா தோல்ல வெள்ளை வெள்ளையாப் பூத்துரும்.”

பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார்.

“அங்கயும் உப்புதானா?”