ஒரு பீரோ, முந்நூறு கொலைகள்

"முதற்பதிப்புகள் சேகரிக்கிறேன்" என்று சொன்னால் எதிரில் இருப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். "அப்படியா! பாரதியாரா, உ.வே.சா.வா?" என்று கேட்பார். "இல்லைங்க, க்ரைம் நாவல்" என்றதும் வந்த மரியாதை அடுத்த பஸ் பிடித்துப் போய்விடும்.

பெட்டிக்கடையில் கயிறு கட்டி, கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருந்த மாத நாவல்களைத்தான் சொல்கிறேன். ராஜேஷ்குமாரின் விவேக் – ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் – சுசீலா, சுபாவின் நரேந்திரன் – வைஜயந்தி என்று ஒவ்வொரு எழுத்தாளருக்கும் ஒரு ஜோடி. திருச்சியில் பஸ் ஏறும்போது வாங்கினால் விழுப்புரத்துக்குள் கொலைகாரன் பிடிபட்டுவிடுவான். புத்தகத்தை சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்குகிறவர்கள் பாதிப் பேர். மீதியில் பெரும்பகுதி வீட்டுக்குப் போய் எடைக்குப் போனது. ராஜேஷ்குமார் ஒருவரே 1500 நாவல்களுக்கு மேல் எழுதியிருக்கிறார். அவ்வளவு அச்சடித்தும் எண்பதுகளில் வந்த ஒரு குறிப்பிட்ட நாவல் வேண்டும் என்று தேடிப் பாருங்கள், செருப்புத் தேயும்.

வெளிநாட்டில் இது கௌரவமான பொழுதுபோக்கு. ஜேம்ஸ் பாண்ட் முதன்முதலில் வந்த 'கேசினோ ராயல்' 1953-ல் லண்டனில் ஜொனாதன் கேப் நிறுவனம் வெளியிட்டது. முதல் அச்சு 4,728 பிரதிகள்தான். இன்று அது நல்ல நிலையில் கிடைத்தால் பல லட்ச ரூபாய். வேடிக்கை என்னவென்றால், அந்த விலையில் பெரும்பங்கு புத்தகத்துக்கு இல்லை, மேலே சுற்றியிருக்கும் காகித உறைக்கு. உறை இல்லாவிட்டால் விலை படுத்துவிடும். அதுவும் ஒரு பரபரப்புக் கதைதானே? நம்மூர்க் கதைக்கு மட்டும் ஏன் கிலோ கணக்கு?

நம்மூரில் எது முதற்பதிப்பு என்று கண்டுபிடிப்பதே ஒரு துப்பறியும் வேலை. தொடர்கதை என்றால் அது முதலில் வார இதழில் வந்திருக்கும். பிறகு புத்தகமாகும். சில வருடங்கள் கழித்து வேறொரு பதிப்பகம் அதை வாங்கிப் போடும். அவர்கள் அச்சிடும் முதல் தடவை என்பதால் அதிலும் 'முதற்பதிப்பு' என்றே இருக்கும். மாத நாவலில் பதிப்பு விவரமே கிடையாது, மாதமும் வருடமும்தான் சாட்சி. பழைய நாவலைப் புதிய இதழில் மறுபடி போடுவதும் உண்டு. ஆகவே நான் அட்டையை நம்புவதில்லை. உள்ளே இருக்கும் விளம்பரங்களைப் பார்ப்பேன். 'விரைவில் வெளிவருகிறது' என்று எந்த நாவலுக்கு விளம்பரம் வந்திருக்கிறதோ, அது வந்த வருடம் தெரிந்தால் கையில் இருப்பதன் வயதும் தெரிந்துவிடும்.

சுஜாதாவின் 'நைலான் கயிறு' 1968-ல் குமுதத்தில் தொடராக வந்தது. வக்கீல் கணேஷ் அறிமுகமானது அதில்தான். வஸந்த் பின்னால் வந்து சேர்ந்தவர். அந்தக் கதையின் உண்மையான முதற்பதிப்பு எது? என்னைக் கேட்டால் அந்தக் குமுதம் இதழ்கள்தான். இன்னொரு உதாரணம், 'ரத்தம் ஒரே நிறம்'. அது முதலில் 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' என்ற பெயரில் தொடங்கி, எதிர்ப்பு வந்ததால் நின்று, பிறகு புதுப் பெயரில் மறுபடி ஆரம்பமானது. நின்றுபோன அந்த ஆரம்ப அத்தியாயங்களை வந்த கோலத்திலேயே பார்க்க வேண்டுமென்றால் பழைய இதழைத்தான் தேட வேண்டும்.

தேடுவதற்கு அந்தக் காலத்தில் மூர் மார்க்கெட் இருந்தது. 1985-ல் அது எரிந்துபோனது. இப்போது பழைய புத்தகத்துக்கு அல்லிக்குளம், திருவல்லிக்கேணி பிளாட்பாரம், ஊர் ஊருக்குப் பழைய பேப்பர் கடை. இப்படிச் சேர்ந்தவை அறுநூறுக்கு மேல்.

பணி ஓய்வுக்குப் பிறகு இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டுக்கு மாறினோம். என் மனைவிக்கு தூசி ஒத்துக்கொள்ளாது, மூச்சு இழுக்கும். "என்னங்க, ஒரு பீரோ. அதுக்குள்ள எது அடங்குதோ அது. மீதி வேணாம்" என்றாள். நியாயமான தீர்ப்பு. மகள் தன் பங்குக்கு, "எல்லாம்தான் போன்லயே கிடைக்குதேப்பா" என்றாள்.

கதை கிடைக்கிறது, சரி. சுஜாதாவின் கதைக்கு ஜெயராஜ் வரைந்த படம் கிடைக்கிறதா? அந்தப் படத்தைப் பார்த்துத்தானே கணேஷும் வஸந்தும் இப்படித்தான் இருப்பார்கள் என்று மனதில் பதிந்தது? வாசகர் கடிதம், 'இந்த நாவலின் கதாநாயகி சாகக் கூடாது' என்று கெஞ்சும் இல்லத்தரசி, தையல் மெஷின் விளம்பரம் எல்லாம் எங்கே? தமிழ் மாத நாவல்களின் மதிப்பு ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கும் தெரிந்துவிட்டது. 2008-ல் சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் இவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து ஆங்கிலத்தில் ஒரு தொகுப்பே கொண்டுவந்தது.

தேர்ந்தெடுக்க மூன்று வாரம் ஆனது. முதல் விதி: அட்டையும் கடைசிப் பக்கமும் இருக்க வேண்டும். கடைசிப் பக்கம் இல்லாத க்ரைம் நாவல் என்பது தண்டனை. இரண்டாவது: ஒரே கதை இரண்டு இருந்தால் முதலில் வந்தது. மூன்றாவது விதியை என்னால் எழுதி வைக்க முடியவில்லை. வாடகை நூலக முத்திரை குத்திய ஒரு பிரதியில், மூன்றாம் பக்கத்திலேயே யாரோ பால்பாயின்ட் பேனாவால் 'கொலை செஞ்சது டாக்டர்' என்று எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்தில் 'நீ நல்லா இருப்பியா?' சேகரிப்பவர்கள் கணக்கில் இது பழுதான பிரதி. நான் வைத்துக்கொண்டேன்.

அடியில் ஒரு பைண்டு வால்யூம் வந்தது. என் மாமியார் வாராவாரம் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து, கெட்டி அட்டை போட்டு பைண்டு செய்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவர், கடைசிவரை படித்துக்கொண்டே இருந்தார். நடுவில் ஒரு பால் கணக்குச் சீட்டு. என் மனைவி மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு பக்கங்களைப் புரட்டினாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. "இது பீரோ கணக்குல வராது" என்று சொல்லி, தன் புடவை அலமாரியில் வைத்துக்கொண்டாள்.

மீதி முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவு. தமிழ் இலக்கியத்தில் ஆராய்ச்சி செய்யும் ஒரு கல்லூரி ஆசிரியர் ஆட்டோவில் வந்து எடுத்துப் போனார். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஒரு தனிமனிதராகச் சேர்த்ததுதான் இன்று சென்னையில் பெரிய ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. என்னுடையது அவ்வளவு பெரிதில்லை. எடைக்குப் போகவில்லை, அது போதும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கட்டு இருக்கலாம். இவை மலிவுக் காகிதம். அதில் இருக்கும் அமிலமே அதைத் தின்றுவிடும். முதலில் பழுப்பு, பிறகு தொட்டால் அப்பளம். வெயிலும் ஈரமும் படாமல் வையுங்கள். துருப்பிடித்த பின்னை மெதுவாக எடுத்துவிட்டு நூலால் தையுங்கள். கிழிசலுக்கு செலோ டேப் ஒட்டாதீர்கள், பத்து வருடத்தில் டேப் உதிர்ந்து கறை மட்டும் நிற்கும். ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பிரிக்கும்போது ஒரு பக்கம் படித்தும் பாருங்கள். அன்றைக்குச் சமையல் லேட்டானால் நான் பொறுப்பில்லை.