சூடு போகும் வழி

வேலூரில் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறவனுக்கு, வேலை குவியும் நாட்களும் வெயில் கொளுத்தும் நாட்களும் சேர்ந்தேதான் வரும். சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள். நடுவில் அக்னி நட்சத்திரம். எந்தப் பெண் வீட்டாரும் ஆல்பத்துக்காவது பொறுப்பார்கள், வீடியோவுக்குப் பொறுக்கமாட்டார்கள்.

என் லேப்டாப்பில் இருப்பது 2015இல் வந்த இன்டெல் ஐ7-6820எச்கே. பெயரின் கடைசியில் நிற்கும் 'கே'வுக்காகவே அதைப் பழையதாக வாங்கினேன். வேகத்துக்குப் பூட்டு போடாத பிராசசர் என்று அதற்குப் பொருள். அடிப்படை வேகம் 2.7 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் அதிகபட்சம் 3.6. நான் நான்கு கோர்களையும் 4.0க்கு ஏற்றினேன். மின்னழுத்தத்தையும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தேன்.

41 நிமிடத்தில் முடிகிற ரெண்டர் அன்று 46 நிமிடம் எடுத்தது.

நம்பமுடியாமல் மறுபடி ஓட்டி, வேகத்தையும் வெப்பத்தையும் காட்டும் த்ராட்டில்ஸ்டாப் மென்பொருளின் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் அரை நிமிடம் 4.0 நின்றது. வெப்பம் 100 டிகிரியைத் தொட்டது. அந்தச் சில்லுக்கு அதுதான் எல்லை. அதைத் தொட்டால் தன்னைக் காத்துக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 2.5க்கு இறங்கி, ஆறி, ஏறி, மறுபடி இறங்கியது. பழைய 60 வாட் குண்டு பல்பைக் கையால் தொட்டவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். அவ்வளவு சூட்டையும் கட்டைவிரல் நக அளவுள்ள சில்லிலிருந்து வெளியே எடுத்தாக வேண்டும்.

எப்படி எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்த இயந்திரத்தின் மேல் மரியாதை கூடிவிட்டது. சில்லின் மேல் உட்கார்ந்திருக்கும் செம்புக் குழாய் வெறும் கம்பி அல்ல. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, உள்ளே துளி நீரை விட்டு மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைவு என்பதால் நீர் 100 டிகிரிக்கு வெகு முன்பே ஆவியாகிவிடும். ஆவி குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே சூட்டை விட்டுவிட்டு மறுபடி நீராகும். இட்லிப் பானை மூடியில் முத்து முத்தாக நிற்கிறதே, அதே வேலைதான். மூடியிலிருந்து நீர் தானாகச் சொட்டும். இங்கே குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் படலம் திரியைப்போல அதை இழுத்துக்கொண்டு வரும். 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் இதைச் செய்துகாட்டினார். விண்கலங்களுக்காக வளர்ந்த வித்தை என் மேசைமேல் கிடக்கிறது.

ஆனால் குளிர்ந்த முனை என்று ஒன்று இருக்கவேண்டுமே! பழுது பார்க்கும் தம்பி மூடியைக் கழற்றியதும், "மூச்சு விட முடியாம கெடக்குதுண்ணே" என்றார். விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளித் துண்டுபோலப் படிந்திருந்தது. வெளியே ஊதும்போது தெரியாத தூசி அது. சில்லின் மேலிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து வெடித்திருந்தது. பழையதை ஸ்பிரிட்டால் துடைத்து, புதியதை அரைப் பயறு அளவே வைத்தார். நிறைய வைத்தால் நல்லது என்று நினைத்திருந்தேன். இரண்டு பரப்புகளின் கீறல்களில் தங்கும் காற்றை விரட்டத்தான் பேஸ்ட்; செம்போடு பார்த்தால் அதுவே மந்தமான கடத்திதான்.

அடுத்து நான் செய்தது முன்பு செய்ததற்கு நேர்மாறு. மின்னழுத்தத்தை 1.20 வோல்ட்டிலிருந்து 1.11க்கு, ஐந்தைந்து மில்லிவோல்ட்டாக இறக்கினேன். ஒவ்வொரு படியிலும் மணிக்கணக்கில் ஓட்டிப் பார்த்தேன். சில்லின் மின்செலவு வேகத்தோடு நேராக ஏறும். மின்னழுத்தத்தோடு அதன் இருமடியாக ஏறும். ஏழரை சதவீதம் குறைத்தால் செலவு ஏறக்குறைய 14 சதவீதம் குறைகிறது. வேகத்தை 3.6இல் நிறுத்தினேன். 88 டிகிரி. ரெண்டர் 36 நிமிடம். 4.0 என்ற எண்ணின்மேல் இருந்த ஆசை அன்றே போயிற்று.

மின்னழுத்தத்தை இப்படி இறக்கும் வசதி இன்று பல லேப்டாப்களில் இல்லை. மின்னழுத்தத்தைக் குறைத்துப் பிராசசரின் பாதுகாப்புப் பெட்டகத்தை உடைக்கலாம் என்று 2019 டிசம்பரில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிளண்டர்வோல்ட் என்று பெயர். அதன்பின் பயாஸ் அப்டேட்களில் அந்தக் கதவு மூடப்பட்டது. காரணம் நியாயமானது. ஆனாலும், சொந்த இயந்திரத்தைக் குளிர்விக்கும் உரிமையை அதன் சொந்தக்காரரின் விருப்பத்துக்கே விட்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.

அறையின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் சில்லும் கிட்டத்தட்ட ஒரு டிகிரி ஏறும். மார்கழியில் 3.6 தாங்குகிற அதே லேப்டாப்பை வைகாசி மதியத்தில் 3.3க்கு இறக்கிவிடுகிறேன். பக்கத்திலேயே பேட்டரி இருக்கிறது; சூட்டில் அதன் ஆயுள் தேயும்.

இந்த வைகாசிக்கு நான்கு கல்யாணங்கள் கையில் இருக்கின்றன. விடியற்காலை நாலரைக்கு எழுந்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, ரெண்டர் போடுகிறேன். அந்த நேரத்தில் அறை 29 டிகிரி. லேப்டாப்பின் பின்பக்கம் மரக்கட்டை வைத்து இரண்டு அங்குலம் தூக்கியிருக்கிறேன். விசிறி சீராக ஓடுகிற சத்தத்தில் காபி போட்டு வருவதற்குள் தாலி கட்டும் காட்சி தாண்டியிருக்கும்.