சித்திக்காக மொழிபெயர்த்த சீனக் காதல்

முப்பத்தைந்து ஆண்டுகள் பத்திரிகை அலுவலகத்தில் குப்பை கொட்டியவன், ஓய்வு பெற்றதும் ஒரு சீன மாயாஜாலத் தொடரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறானே என்று பழைய நண்பர்கள் சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். அரசியல் எழுதி எழுதி அலுத்துவிட்டது. மேலும் இது வெறும் தொடரைப் பற்றிய விடயம் மட்டுமன்று.

ஓய்வுக்குப் பிறகு நான் கொழும்பை விட்டுக் கம்பளைக்கே வந்துவிட்டேன். மகாவலிக்கு அருகில் என் சித்தியின் வீடு. சித்திக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சித்தப்பா 2015 இல் காலமானார். பேத்தி பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். வார இறுதியில் வருவாள். அப்படி வந்த ஒரு சனிக்கிழமை, மழை விடாமல் பெய்துகொண்டிருந்தபோது, தன் கைத்தொலைபேசியைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து அவள் பார்த்துக்கொண்டிருந்ததுதான் அந்தத் தொடர். திரை முழுவதும் இளஞ்சிவப்பாகப் பூத்துக்கிடக்கும் ஒரு பீச் மரத்தோப்பு. வெண்ணிற ஆடையில் ஒரு பெண். சமையலறையிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்த சித்தி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "இது என்னடி, முள்முருங்கை பூத்த மாதிரி இருக்கு" என்றார்.

தேயிலைக்கு நிழலாக நட்ட முள்முருங்கை பூக்கும் காலத்தில் மலைச்சரிவைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒப்புமை விளங்கும். நிறம் சரியில்லை, ஆனால் நிறைவு சரி.

தொடரின் பெயரைத் தமிழில் சொல்வதானால், 'மூன்று பிறவி, மூன்று உலகம், பத்து லீ பீச் மலர்கள்'. தாங் சி என்ற பெண் எழுத்தாளரின் நாவலைத் தழுவியது. 2017 ஜனவரி 30 இல் சீனத் தொலைக்காட்சிகளில் ஒளிபரப்பாகத் தொடங்கி, மொத்தம் 58 அத்தியாயங்கள் ஓடியது. ஆங்கிலத்தில் அதற்கு நித்தியக் காதல் என்ற பொருள்படப் பெயர் வைத்துவிட்டார்கள். பூவும் போயிற்று, தூரமும் போயிற்று. ஒரு லீ என்பது ஏறக்குறைய அரைக் கிலோமீற்றர். பத்து லீ என்றால் மூன்று மைல். "நம்ம தோட்டத்துலேருந்து கம்பளைக் கடைவீதிக்கு நடக்குற தூரம்" என்றார் சித்தி. அவ்வளவு தூரமும் பூ என்பதை நினைத்துப் பார்த்தோ என்னவோ, அன்றே முதல் அத்தியாயத்திலிருந்து பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

பேத்தி ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிட்டாள். அவளிடம் கற்றுக்கொண்டு, மறுநாள் முதல் தொடரை ஓடவிடும் பொறுப்பை நான் ஏற்றேன். சீன மொழி எங்கள் இருவருக்கும் தெரியாது. சித்திக்கு ஆங்கிலமும் தெரியாது. திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளை நான் தமிழில் சொல்லவேண்டும். 1985 இல் கொழும்பில் நாளிதழொன்றில் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த முதல் வேலை, டெலிபிரின்டர் கக்கும் ரொய்ட்டர் செய்திகளைத் தமிழாக்குவது. தொழிலின் தொடக்கத்தில் செய்ததையே முடிவிலும் செய்ய வாய்த்தது. அக்காலத்தில் செய்தி ஆசிரியர் திருத்துவார். இப்போது சித்தி திருத்தினார்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாய் சியென் என்பவள் ஒன்பது வால் நரிக்குலத்தின் இளவரசி. ஆண் வேடமிட்டுப் போர்க்கடவுள் மோ யுவானிடம் வித்தை கற்கிறாள். குரு போரில் உயிர்துறக்க, அவரது உடல் அழியாதிருக்கத் தன் இதயத்துக் குருதியை ஊட்டி எழுபதாயிரம் ஆண்டுகள் காத்திருக்கிறாள். பின்னொரு போரில் ஆற்றலையும் நினைவையும் இழந்து, ஒரு மலையில் சூ சூ என்ற சாதாரண மானிடப் பெண்ணாக வாழும்போது, வானுலகின் பட்டத்து இளவரசன் யே ஹுவாவைச் சந்திக்கிறாள். காட்டில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு மருந்து கட்டுகிறாள். வானத்தையும் மண்ணையும் சாட்சி வைத்து இருவரும் மணந்துகொள்கிறார்கள். தேவர் மனிதரை மணப்பது வானுலகச் சட்டப்படி குற்றம். அங்கிருந்துதான் துன்பம்.

இத்தகைய காதல் நமக்குப் புதியதன்று. மணிமேகலையில் நாகநாட்டு இளவரசி பீலிவளையும் சோழன் கிள்ளிவளவனும் கூடிப் பிரிந்த கதை இருக்கிறது. அவளும் சொல்லாமலே மறைந்து போகிறாள். ஆனால் சாத்தனார் அந்தப் பிரிவின் உள்ளே நம்மை அதிக நேரம் இருக்க விடுவதில்லை. சீனக்காரர்கள் 58 அத்தியாயங்கள் இருக்க விடுகிறார்கள்.

குறைகள் இல்லாமலில்லை. கணினியில் செய்த மிருகங்கள் பொம்மைகள் போலிருக்கின்றன. சூ ஜின் என்ற சூழ்ச்சிக்காரி நம் மெகாத் தொடர்களின் நாத்தனார்களுக்கு ஒன்றுவிட்ட சகோதரி. இடையிடையே வேறு காதல்கள் வந்து கதையை இழுக்கின்றன. ஆனாலும் யாங் மி என்ற அந்த நடிகை, குறும்புக்கார மாணவன், பாவப்பட்ட மலைப்பெண், அலட்சியமான பெருந்தேவி என்று மூன்று பிறவிகளையும் ஒரே முகத்தால் வேறுவேறாகக் காட்டிவிடுகிறார். யே ஹுவாவாக வரும் மார்க் சாவ் பெரிய அழகரல்லர் என்று பேத்தியின் தோழிகள் குறைப்பட்டார்களாம். சித்திக்கு அவர்மேல் அந்தக் குறை இல்லை. அந்த இளவரசன் அடுப்படியில் நின்று மனைவிக்குச் சமைத்துப் போடும் காட்சி வந்தபோது, "ஆம்பளைன்னா இப்படி இருக்கணும்" என்று என்னைப் பார்த்தார். நான் தேநீர் போட எழுந்து போனேன்.

அவர்களுடைய மகன் ஆ லீயைப் பாய் சியென் மாவுருண்டை என்று பொருள்படும் செல்லப்பெயரால் அழைப்பாள். நான் அதைக் 'கொழுக்கட்டை' என்று மொழிபெயர்த்தேன். என் தொழில் வாழ்வில் இவ்வளவு பாராட்டுப் பெற்ற மொழிபெயர்ப்பு வேறில்லை. அதன்பின் சித்தி தினமும் "இன்னைக்குக் கொழுக்கட்டை வருவானா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்.

மொழிபெயர்ப்பு என்றதும் வேறொன்று நினைவுக்கு வருகிறது. சீனத்துக்கும் இந்த நாட்டுக்கும் இடையே தமிழ் நிற்பது இது முதல் முறையன்று. தளபதி செங் ஹோ 1409 ஆம் ஆண்டிட்டுப் பொறித்த மும்மொழிக் கல்வெட்டு 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, தமிழில் தென்னாவர நாயனாருக்கு, பாரசீகத்தில் இஸ்லாத்துக்கு. ஒரே கல்; ஆனால் ஒவ்வொருவருக்கும் அவரவர் கேட்க விரும்பியது. இளம் நிருபனாக அதன்முன் நின்றபோது நல்ல தந்திரம் என்று வியந்தேன். நானும் அந்தத் தந்திரத்தைப் பத்து வயதிலேயே செய்தவன் என்பது அப்போது உறைக்கவில்லை.

இனிச் சித்தியின் கதை.

1964 ஒக்டோபர் 30 இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவர்களாயிருந்த ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மலையகத் தமிழர்களைக் கணக்கிட்டுப் பிரித்தது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு; மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு; மீதி ஒன்றரை இலட்சம் பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. தோட்டங்களில் இதற்கு வழங்கிய மொழி எளிமையானது. "இந்தியாவுக்கு எழுதிக் குடுத்தவங்க", "சிலோனுக்கு எழுதிக் குடுத்தவங்க". கம்பளைக்கு மேலேயிருந்த எங்கள் தோட்டத்தில் என் தாத்தா கணக்கப்பிள்ளை. அவர் இலங்கைக்கு எழுதிக்கொடுத்தார். மேல் லயத்திலிருந்த ஒரு குடும்பத்தின் தகப்பன் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தார். அந்தக் குடும்பத்தின் மூத்த மகனும் என் சித்தியும் ஒருவரையொருவர் விரும்பியதை இரண்டு முதியவர்களும் விண்ணப்பத்தில் எழுதவில்லை; அதற்கு அங்கே இடமும் இல்லை.

1972 இல் அவர்கள் புறப்பட்டார்கள். கம்பளைப் புகையிரத நிலையத்தில் ஏறி, பொல்காவலையில் மாறி, தலைமன்னார்வரை கோச்சி. அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். பிறகு மண்டபம் முகாம். அந்த வண்டிக்கு எங்கள் மக்கள் வைத்திருந்த பெயர் 'அழுகைக் கோச்சி'. பெட்டியிலும் மேடையிலும் எழும் ஓலம் வண்டி மறைந்த பின்னும் காதில் நிற்கும். சித்தியை அன்று வீட்டில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். வேடிக்கை பார்க்கப் போன பத்து வயதுப் பையனான என்னைக் கூப்பிட்டு, அந்த அண்ணன் ஒரு கடிதத்தைக் காற்சட்டைப் பையில் திணித்தார். "ஒன் சித்திகிட்ட மட்டும் குடு, தம்பி" என்றார்.

கொடுக்கவில்லை. வாசலில் தாத்தா நின்றார். "பையில என்ன?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். கடிதம் அடுப்புக்குள் போனது. சித்தி கேட்டபோது, "நல்லபடியாப் போயிட்டு வாறேன்னு சொல்லச் சொன்னாரு" என்றேன். அதை நானே உண்டாக்கினேன். 1976 இல் சித்திக்கு நாவலப்பிட்டியில் திருமணமாயிற்று. சித்தப்பா தங்கமான மனிதர். எவ்விதக் குறையுமில்லாத வாழ்க்கை. இந்த ஐம்பது சொச்சம் ஆண்டுகளில் நான் அந்தக் கடிதத்தைப் பற்றி எவரிடமும் பேசியதில்லை.

இப்போது தொடருக்கு வருகிறேன்.

சூ சூ வானுலகுக்குக் கொண்டுவரப்படுகிறாள். யே ஹுவா அவளைக் காப்பதற்காகவே அவளிடம் அன்பில்லாதவன்போல் நடிக்கிறான். அன்பு வெளிப்பட்டால் வானரசர் அவளை வாழவிடமாட்டார். அந்தக் காரணத்தை அவளிடம் அவன் சொல்லவில்லை. சூ ஜின்னின் சூழ்ச்சியால் வீண்பழி சுமந்து, தண்டனையாக அவள் தன் கண்களைக் கொடுக்கவேண்டி வருகிறது. அவற்றைப் பறிப்பவனும் அவனே. அவனுக்குள் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. குழந்தையைப் பெற்றுப்போட்டுவிட்டு, அவன் தந்த வெண்கலக் கண்ணாடி வழியாக விடைபெற்று, மேடையிலிருந்து கீழே குதிக்கிறாள். அவனும் பின்னாலேயே குதிக்கிறான். அவள் பிழைத்து மறுபடி பாய் சியெனாகிறாள்; மறக்கும் மருந்தைக் கேட்டு வாங்கிக் குடித்து அவனை அடியோடு மறக்கிறாள். முந்நூறு ஆண்டுகள் அவன் ஒரு விளக்கை ஏற்றிவைத்துக் காத்திருக்கிறான்.

இத்தொடரின் காதல் மற்றத் தொடர்களினின்று வேறுபடும் இடம் இதுவே என்பது என் எண்ணம். வில்லியோ வானரசரோ பிரித்ததைவிட, சொல்லாமல் விட்ட வாக்கியங்கள் அதிகம் பிரிக்கின்றன. பின்னர் கீழைக்கடல் அரண்மனையில் அவனை எதிரே கண்டும், யாரோ ஓர் இளைஞன் என்று அவள் மரியாதையாகப் பேசும் காட்சியின் கனம் இதனால்தான். அவன் அழுவதில்லை, விளக்கமும் சொல்வதில்லை. சற்று அதிக நேரம் பார்க்கிறான், அவ்வளவுதான்.

கண்ணைப் பறிக்கும் காட்சியின்போது என் வாய் சரியாக வேலை செய்யவில்லை. அவள் அவனிடம் கெஞ்சும் வரிகளை நான் சொல்லவில்லை. "ஏதோ தண்டனை குடுக்கிறாங்க, சித்தி" என்று தாண்டப் பார்த்தேன். சித்தி திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"நீ பாதியைச் சொல்றப்ப ஒன் கொரல் எறங்கும்டா. சின்னதுலேருந்தே அப்படித்தான்."

தொடரை நிறுத்தினேன். வெளியே மழை. சிறிது நேரம் கழித்து அவரே பேசினார்.

"அன்னைக்கு மறுநா காலையில அடுப்புச் சாம்பலை அள்ளுனது யாருன்னு நெனைக்கிற? வெறகுச் சாம்பலும் காயிதச் சாம்பலும் ஒண்ணா இருக்குமா?"

நான் அறுபதைத் தாண்டியவன். அமைச்சர்களை நேருக்கு நேர் கேள்வி கேட்டவன். அந்த இடத்தில் பத்து வயதுப் பையனாகத்தான் உட்கார்ந்திருந்தேன். நிலையத்தில் நடந்ததை, அவர் அணிந்திருந்த நீலச் சட்டை முதற்கொண்டு, ஒன்றுவிடாமல் சொன்னேன். கடிதத்தில் என்ன இருந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான் அதைப் பிரித்ததில்லை. சித்தி குறுக்கே பேசவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்.

"குடுக்கறப்ப சிரிச்சாரா, அழுதாரா?"

"சிரிச்சாரு, சித்தி. என் தலையைத் தடவினாரு."

இம்முறை குரல் இறங்கவில்லை, அது உண்மை.

"சரி. நிப்பாட்டுன எடத்துலேருந்து போடு. அந்தப் புள்ள என்ன சொல்லிக் கெஞ்சுறான்னு சொல்லு."

சொன்னேன். ஒவ்வொரு வரியாக. கண்ணாடியில் பேசும் காட்சியில் எனக்குத்தான் தொண்டை அடைத்தது. சித்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தார். அவள் மறக்கும் மருந்தைக் கையில் வாங்கியபோது, "குடிக்கட்டும், பாவம்" என்றார். சற்றுக் கழித்து, "ஆனா குடிச்சிருக்கக் கூடாது" என்றும் சொன்னார். இரண்டுக்கும் நான் விளக்கம் கேட்கவில்லை.

58 ஆவது அத்தியாயத்தில் யே ஹுவா, இறந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தப் பூந்தோப்பிலே திரும்பி வந்து நிற்கிறான். பேத்தி அந்தக் காட்சியை நூறு முறை பார்த்திருப்பாளாம். எனக்கு அது சற்றுச் சலுகையாகத் தோன்றியது. சித்திக்கு அப்படித் தோன்றவில்லை. பெரிய மூச்சொன்றை விட்டு, கைகளைத் தட்டிக்கொண்டு எழுந்து விளக்கேற்றப் போனார். இதே வரிசையில் 2020 இல் வெளிவந்த மற்றொரு தொடரைப் போடட்டுமா என்று மறுநாள் கேட்டேன். வேண்டாம், இதையே முதலிலிருந்து போடு, இந்தத் தடவை எதையும் விட்டுவிடாமல் சொல் என்றார்.

நேற்று ஏழாவது அத்தியாயம் முடிந்தது. கொழுக்கட்டை வர இன்னும் நாளிருக்கிறது.