மூச்சு பழகும் இடம்

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் சாலையில் வந்து, திருச்சிற்றம்பலம் கூட்டு ரோட்டில் ஆரோவில் பக்கம் திரும்பியதும் மண் செக்கச்செவேலென்று ஆகிவிடுகிறது. இருபுறமும் முந்திரி, நடுநடுவே பனை. இடையஞ்சாவடிக்குப் போகும் வழியில் இருக்கிறது ஆதிசக்தி நாடக ஆய்வுக்கூடம். விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம்.

பக்கத்திலிருக்கும் இரும்பை கிராமத்துக்கு ஆட்டத்தோடு பழைய உறவு உண்டு. மாகாளேசுவரர் கோயில் விழாவில் ஆடிக்கொண்டிருந்தவளின் சிலம்பு கழன்று விழுந்ததாம். கடுவெளிச் சித்தர் எழுந்துபோய் அதை எடுத்து அவள் காலில் கட்டிவிட, பார்த்தவர்கள் சிரித்தார்கள். சித்தர் பாட, லிங்கம் வெடித்தது என்கிறது தலக்கதை. ஆட்டம் தடைபடக் கூடாதென்று ஒரு சித்தர் குனிந்தாரே, அதுதான் எனக்கு அந்தக் கதையில் பெரிதாகத் தெரிகிறது.

வீணாபாணி சாவ்லா 1981இல் மும்பையில் தொடங்கிய குழு ஆதிசக்தி. 1993இல் புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்தது. கிரேக்க நாடகங்களை மேடையேற்றிய அவர், நம் நடிகரின் உடம்புக்கும் குரலுக்கும் உரிய பயிற்சி எது என்று தேடி சௌ நடனம், களரிப்பயட்டுப் போர்க்கலை, கேரளத்தின் கூடியாட்ட நாடகம் என்று ஒவ்வொன்றிடமும் மாணவியாகப் போனார். 2014 நவம்பரில் அவர் மறைந்த பிறகு, அவரிடம் வளர்ந்த வினய் குமாரும் நிம்மி ராஃபேலும் பொறுப்பேற்று நடத்துகிறார்கள். சொந்தத் தயாரிப்புகள், பயிலரங்குகள், ஏப்ரலில் வீணாபாணி நினைவு விழா ஆகியவற்றோடு, வெளியிலிருந்து வரும் கலைஞர்கள் இங்கேயே தங்கித் தங்கள் படைப்பை உருவாக்கவும் இடம் தருகிறார்கள். நான் போனது அதைப் பார்க்கத்தான்.

காலையில் ஒத்திகைக் கூடத்தில் நான்கைந்து பேர் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் வசனம் பேசவில்லை. மூச்சு மட்டும்தான். ஒரு பெண் மூச்சைச் சிறுசிறு துண்டுகளாக உள்ளே இழுத்து, மேல்நெஞ்சில் நிறுத்தி, மெல்ல விட்டாள். பிறகு மறுபடியும். சற்று நேரத்தில் அவள் தோள் இறங்கியது, கண்ணோரம் கனத்தது. அழுவதற்கு அவள் எந்தச் சோகத்தையும் நினைத்துக்கொள்ளவில்லை. உணர்ச்சிக்கு மூச்சில் ஒரு வடிவம் உண்டு, அதைப் பிடித்தால் உடம்பு பின்னால் வரும் என்பது கூடியாட்டக்காரர்களின் பழைய அறிவு. ஆதிசக்தியின் பயிற்சிக்கு அதுதான் அடிப்படை. இதற்காக நீச்சல் குளத்தில்கூடப் பயிற்சி உண்டு. தண்ணீருக்குள் மூச்சை ஏமாற்ற முடியாது.

அடுத்த அறையில் மிழாவு. செம்புக் குடம், குறுகிய வாய், அதன்மேல் இழுத்துக் கட்டிய தோல். கேரளத்தில் கோயில் அரங்கான கூத்தம்பலத்துக்குள் கூடியாட்டத்துக்காக வாசிக்கப்பட்டுவந்த வாத்தியம். 2000இல் வந்த ‘கணபதி’ நாடகத்தில் ஆதிசக்தி அதை நடிகர்களின் கையிலேயே கொடுத்தது. தாளமே கதையை நகர்த்தியது. இப்போது அதன் முன் உட்கார்ந்திருந்த இளைஞர் கையில் ஒரு கணக்கை ஓடவிட்டு, வாயால் அதற்கு ஒட்டாத வேறொரு நடையில் வசனம் சொல்லப் பார்த்தார். நான்காவது வரியில் கை வாயோடு போய்ச் சேர்ந்துகொண்டது. நிறுத்தினார், மறுபடி ஆரம்பித்தார். மணி பார்ப்பவர் யாருமில்லை. நான் கதவோரம் நின்று அரைமணி நேரத்துக்கு மேல் பார்த்தேன். ஒருமுறைகூட முழுதாக வரவில்லை. அவர் முகத்தில் அதைப் பற்றிய பதற்றமும் இல்லை.

எனக்குத்தான் பொறாமையாக இருந்தது. சென்னையில் நாடகக்காரர்கள் எப்படி ஒத்திகை பார்க்கிறார்கள் என்பது தெரியும். அலுவலகம் முடிந்து வந்து, மொட்டை மாடியிலோ பள்ளிக்கூட வகுப்பறையிலோ பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு இரண்டு மணி நேரம். வாட்ச்மேன் சாவியை ஆட்டினால் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் தெரிந்ததைத்தான் செய்ய முடியும்; தெரியாததைத் தேட முடியாது. நாடகாசிரியர் ந. முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறை நாடகக் குழுவைத் தொடங்கி, முழுநேர நடிகர் என்ற ஒன்றைத் தமிழில் சாத்தியமாக்கப் போராடியதும் இதனால்தான். விழா நடத்தவும் விருது கொடுக்கவும் நம்மிடம் புரவலர்கள் கிடைக்கிறார்கள். ஒத்திகைக்குக் காசு கொடுக்க ஆள் கிடைப்பது அபூர்வம். விழாவுக்குப் படம் எடுக்கலாம். தாளம் தவறிய அந்த அரைமணி நேரத்துக்கு எந்தப் படம்?

இங்குள்ள அரங்கின் பெயர் சர் ரத்தன் டாடா கூத்துக் கோவில். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதற்குள் போனேன். செருப்பை வெளியே விட்டு நுழைந்தவுடன் தரையின் குளிர்ச்சி காலில் ஏறியது. மைக் வேண்டியதில்லை, பேசிப் பாருங்கள் என்றார் உடன் வந்தவர். பேசினேன். குரல் போன இடம் தெளிவாகத் தெரிந்தது. நடிகருக்கு இப்படியொரு தரையும் இப்படியொரு எதிரொலியும் நாள்கணக்கில் கிடைத்தால் குரல் தானாக அளவு கற்றுக்கொள்ளும்.

சாயங்காலம் அங்கே தங்கியிருந்த ஒரு சிறு குழு, பாதியில் நிற்கும் தங்கள் படைப்பைக் காட்டியது. டிக்கெட் இல்லை, விளக்கு வடிவமைப்பு இல்லை. பார்த்தவர்கள் பெரும்பாலும் அங்கேயே தங்கியிருப்பவர்கள், வேலை செய்பவர்கள். முடிந்ததும் யாரும் “பிரமாதம்” என்று சொல்லவில்லை. நடுவில் வரும் நீண்ட நடை எதற்கு என்று ஒருவர் கேட்டார். அந்த இடத்தில் மூச்சு மாறவே இல்லையே என்றார் இன்னொருவர். குழுவை நடத்தும் பெண் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்து, அந்தக் காட்சியை எடுத்துவிடப் போவதாகச் சொன்னார். எடுத்தால் கடைசிக் காட்சிக்குக் கால் இருக்காதே என்று அவருடைய நடிகரே மறுத்தார். அந்த வாக்குவாதம் சாப்பாட்டு மேசை வரை போனது. நான் கிளம்பும்போதும் முடிவாகவில்லை. மறுநாள் காலையில் அந்தக் காட்சி இல்லாமல் ஒருமுறை, இருந்து ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது என்று மட்டும் ஒத்துக்கொண்டிருந்தார்கள்.