மதுரை வீரன் இறங்கிய துறைமுகம்

இந்தியப் பெருங்கடலில், மொரீசியசுக்குத் தென்மேற்கே ஒரு தீவு இருக்கிறது. பெயர் ரீயூனியன். பிரான்சிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அதுவும் பிரான்சுதான். கடையில் யூரோ, பள்ளியில் பிரெஞ்சு, காலையில் நீள ரொட்டி. கப்பல்கள் வந்து நிற்கும் சிறிய ஊருக்கு 'லெ போர்' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் அதன் பொருளே 'துறைமுகம்' என்பதுதான். 1886-இல் திறக்கப்பட்ட துறைமுகம் அது.

கடந்த ஆண்டிறுதியில் அம்மாவை அழைத்துக்கொண்டு மொரீசியசில் கப்பல் ஏறினேன். உல்லாசக் கப்பலில் போனவர்களுக்குத் தெரியும், கரையில் நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு பகல். காலை எட்டு மணிக்கு இறங்கலாம், மாலை ஐந்துக்குள் ஏறிவிட வேண்டும். பெரும்பாலோர் எரிமலையையும் கடற்கரையையும் பார்க்கப் பேருந்து ஏறினார்கள். நாங்கள் ஒரு டாக்சி பிடித்து, மலைக்கும் கடலுக்கும் நடுவே ஓடும் சாலையில் 'லா கிரான்ட் ஷலூப்' என்ற இடத்துக்குப் போனோம். அங்கேதான் தமிழர்கள் இறங்கினார்கள்.

ரீயூனியனில் அடிமை முறை 1848-இல் ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்களை ஏற்றினார்கள். 1860-இல் பிரிட்டனும் பிரான்சும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்ட பிறகு பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். தொழிலாளர்கள் மோசமாக நடத்தப்படுகிறார்கள் என்று புகார் வலுத்து, 1882-இல் பிரிட்டன் ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து போனவர்களுக்கு அங்கே வைத்த பெயர் 'மலபார்'. இன்றும் அதுதான் பெயர்.

கப்பலில் வந்தவர்களைத் தொற்றுநோய்க்குப் பயந்து அடைத்து வைத்த கட்டடங்கள் லா கிரான்ட் ஷலூப்பில் இருக்கின்றன. 1860-களில் கட்டியவை. கருங்கல் சுவர், நீளமான கூடம். செப்பனிட்டுக் காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"லயம் மாதிரியே இருக்குடா," என்றார்.

என் அம்மா ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், லயத்து வீட்டில் பிறந்தவர். அவருடைய தாத்தா 1930-களில் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறி, பினாங்கு கரையை ஒட்டிய ஜெர்ஜா தீவின் தனிமை முகாமில் கிடந்து, பிறகு நெகிரி செம்பிலானுக்கு வந்தவர். அந்த முகாமைப் பற்றி அவர் சொன்னதாக அம்மாவுக்கு ஞாபகமிருப்பது ஒரே வார்த்தை: "புகை போட்டாங்க." அந்தக் கூடத்தில் நின்றபோது, ஒரே கரையிலிருந்து புறப்பட்ட இரண்டு கப்பல்களில் நாங்கள் ஏறியது இன்னொன்று, அவ்வளவுதான் என்று தோன்றியது.

அங்கிருந்து தலைநகர் சாந்-தெனி வரை கடலுக்குள்ளேயே தூண் நட்டுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். 5.4 கிலோமீட்டர் நீளம். 2022-இல் திறந்தது. ஓட்டுநர் அதைப் பெருமையோடு காட்டினார். அவருடைய அட்டையில் முதல் பெயர் பிரெஞ்சு, குடும்பப் பெயர் 'சாமி' என்று முடிந்தது. வந்திறங்கிய தாத்தாவின் பெயரைப் பதிவேட்டில் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுத, அதுவே தலைமுறைகளுக்கும் குடும்பப் பெயராக உறைந்துவிட்ட கதை அந்தத் தீவில் வீட்டுக்கு வீடு உண்டு.

வானொலி அறிவிப்பாளருக்குக் கண்ணைவிடக் காதுதான் முதலில் வேலை செய்யும். அன்று முழுக்க நான் பெயர்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். 'மர்தெவிரின்' என்றார் ஓட்டுநர், தன் வீட்டுச் சாமியை. இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டபிறகுதான் பிடிபட்டது, மதுரை வீரன். 'மினிஸ்பிரின்', முனீஸ்வரன். தீ மிதிக்கும் திருவிழா 'பாண்டியாலே' அம்மனுக்கு, அதாவது பாஞ்சாலிக்கு. அவர்களுடைய தெருக்கூத்துக்கு 'நார்ல்கோன்' என்று பெயர். நாடகம்தான் அப்படித் தேய்ந்திருக்கிறது. அதை நடத்துகிறவர் 'வார்த்தியால்', நம் வாத்தியார். சந்தையில் ஒரு கட்டுக் கீரையைக் காட்டி 'ப்ரெத் முருங்' என்றாள் கடைக்காரி. அம்மா சிரித்துவிட்டார். முருங்கைக் கீரைக்கு மொழிபெயர்ப்பு வேண்டுமா என்ன? மதியம் 'கப்ரி மஸாலே' சாப்பிட்டோம். ஆட்டுக்கறி மசாலாதான். ருசி நம் வீட்டிலிருந்து அதிக தூரம் போகவில்லை.

சாந்-தெனியில் காளிகாம்பாள் கோயில் இருக்கிறது. கோபுரம், வாசலில் செருப்பு, கற்பூர வாசம் எல்லாம் பழகியவைதான். உள்ளே, அம்மா வயதுடைய ஒரு பெண் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார். தமிழ்ப் பாட்டுத்தான். ஆனால் எழுதியிருந்தது பிரெஞ்சு எழுத்தில். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கூடப் பாடினார். முடிந்ததும், "எந்த ஊரும்மா நீங்க?" என்று கேட்டார். அந்தப் பெண் புன்னகைத்தார், பதில் இல்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. பிறகு நோட்டில் ஒரு சொல்லை விரலால் தொட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தார். 'அருள்' என்ற சொல். அதன் பொருள் கேட்கிறார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன், ஓட்டுநர் அதை அவர்கள் கிரியோலில் சொன்னார். அவர் பேனாவை எடுத்து ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டார்: "அர்த்தம் தெரியாமலேயேவா இத்தனை காலம் பாடினாங்க?"

அவர்களைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டு வருவது எளிது. அது நியாயமில்லை. அவர்கள் பிரான்சின் முழுக் குடிமக்கள். அவர்களில் நகரத் தலைவர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் வந்திருக்கிறார்கள். நம்மிலோ, இந்த மண்ணிலேயே பிறந்தும் சிவப்பு அடையாள அட்டையோடு அலைந்தவர்கள் எத்தனை பேர்! பிரெஞ்சுப் பள்ளி அவர்களுக்குக் கதவைத் திறந்தது, திறந்த கையோடு தமிழை வெளியே நிறுத்தியது. இப்போது சில உயர்நிலைப் பள்ளிகளில் விருப்பப் பாடமாகத் தமிழ் திரும்பி வந்திருக்கிறது.

நாம் மட்டும் எப்படித் தப்பினோம்? நம் மொழிப்பற்றுதான் காரணம் என்று மேடையில் சொல்வோம். நானே ஒலிவாங்கி முன் சொல்லியிருக்கிறேன். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. துரைமாருக்குத் தமிழ்மேல் காதல் இல்லை. ஆள் நிலைத்து நிற்க வேண்டும், பிள்ளைகளும் நாளை பால்மரம் வெட்ட வேண்டும். அதனால் லயத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியரும் கிடைத்தார்கள். பெரட்டுக்கு நின்றதும் தமிழர்கள், கடையில் நின்றதும் தமிழர்கள், கோயிலில் நின்றதும் தமிழர்கள். வேலி நம்மை அடைத்து வைத்தது. அதே வேலிதான் மொழியையும் காத்தது.

இன்று வேலி இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்தது. நீலாயிலும் சிரம்பானிலும் நாம் எல்லாரோடும் கலந்து வாழ்கிறோம். அது நல்லதுதான், தாத்தாமார் ஏங்கியதும் அதற்குத்தான். ஆனால் இனிமேல் தமிழ் தானாக வீட்டுக்குள் வராது. நாம் போய்க் கூட்டிவர வேண்டும்.

எங்கள் மகளுக்கு ஐந்து வயது. முதலாம் ஆண்டுப் பதிவு பற்றி வீட்டில் பேச்சு ஓடுகிறது. தேசியப் பள்ளி எதிர்த் தெருவில், தமிழ்ப்பள்ளிக்குக் காரில் இருபத்தைந்து நிமிடம். "தினமும் யாரு கொண்டு போய் விடுறது? வகுப்புல மொத்தமே ஒன்பது பிள்ளைங்க," என்கிறார் என் கணவர். அவர் சொல்வதில் தவறில்லை. நான் காலை நிகழ்ச்சி செய்கிறவள், அதிகாலையிலேயே நிலையத்தில் இருக்க வேண்டும். பள்ளிக்கு விடும் சுமை அவர் தலையில்தான் விழும்.

கப்பல் கிளம்பி விளக்குகள் தூரமானபின் அம்மா சொன்னார்: "அந்தம்மா அந்த ஒரு வார்த்தைய எழுதிக்கிட்டாங்க பாரு. நான் காலையில விட்டுட்டு வரேன்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லு. அறுபத்திரண்டு வயசுல வண்டி ஓட்டக் கூடாதுன்னு சட்டம் இல்லையே?"

வரும் சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பள்ளியைப் பார்க்கப் போகிறோம். அதன் பெயரில் இன்னமும் ஒரு தோட்டத்தின் பெயர் இருக்கிறது. தோட்டம்தான் இல்லை. கணவரும் வருகிறார், போக எத்தனை நிமிடம் ஆகிறது என்று கணக்குப் பார்க்க.