கிள்ளான் சேற்றிலிருந்து தியோமான் பாறைக்கு

கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கடல் என்றால் துறைமுகம்தான். கப்பல், கிரேன், பூலாவ் கெத்தாமுக்குப் போகும் படகு, அங்கே கிடைக்கும் நண்டு. தண்ணீர் தே தாரிக் நிறம். மலாக்கா நீரிணையின் இந்தப் பக்கம் சேறும் சதுப்பும். ஆறு கொண்டுவந்து தள்ளும் வண்டல் அடங்குவதே இல்லை. நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி இந்தக் கரையில் இறங்கியபோது இந்தத் துறைமுகத்துக்கு போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். கடலைத் தாண்டியதோடு சரி. உள்ளே இறங்கிப் பார்க்கும் ஆசை எங்கள் வீட்டில் யாருக்கும் வந்ததில்லை.

எனக்கு வந்தது. ஸ்கூபா உரிமம் எடுத்தேன். அக்கா மகன் என்னைவிட மேல்படி உரிமம் எடுத்தான். அக்காவுக்கு வயது அறுபதை நெருங்குகிறது, நீச்சல் தெரியாது, சர்க்கரை வேறு. “நானும் வரேன்” என்றாள்.

பிரிக்பீல்ட்ஸில் அவள் வீட்டிலிருந்து கிளம்பி, டி.பி.எஸ். நிலையத்தில் இரவுப் பேருந்து பிடித்தோம். விடியலில் மெர்சிங். தியோமான் பகாங் மாநிலத்துத் தீவு. நாங்கள் ஏறிய படகு ஜொகூரிலிருந்து. மெர்சிங் ஆற்று முகத்துவாரம் ஆழமில்லாதது, நீர் ஏறினால்தான் படகு நகரும். பசியாறிவிட்டுக் காத்திருப்பதுதான் வழி.

தியோமானின் கரையில் காடு இறங்கி வந்து கருங்கல்லில் முடிகிறது. பிரம்மாண்டமான பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து நேரே கடலுக்குள் போகின்றன. நீருக்கடியிலும் அதே குவியல்தான். இடுக்குகள், வளைவுகள், ஆள் நுழையும் சந்துகள். ரெங்கிஸ் என்ற சின்னத் திட்டைச் சுற்றி ஆழம் குறைவு. அக்காவைப் போல முதன்முறை இறங்குகிறவர்களுக்கு அது போதும். செபே தீவின் பாறைச் சந்துகளுக்கு என் உரிமம் 18 மீட்டர்வரை இடம் தரும். லாபாஸ் தீவுப் பக்கம் டைகர் ரீஃப் என்று ஒரு மூழ்கிய பாறை, நீரோட்டம் இழுக்கும். அது 30 மீட்டர் உரிமக்காரனான மருமகனுக்கு.

ஆனால் ‘எல்லாருக்கும் ஏற்றது’ என்று விளம்பரத்தில் போடுவதை அப்படியே நம்பிவிடக் கூடாது. முதலில் உடல்நலப் படிவம். ஆஸ்துமா, இதயம், காது, சர்க்கரை என்று கேள்விகள். சிலவற்றுக்கு ‘ஆம்’ என்றால் மருத்துவர் கையெழுத்து வேண்டும். அக்கா கிளம்பும் முன்பே வாங்கி வந்திருந்தாள். தீவுக்கு வந்தபின் பொய்யாக ‘இல்லை’ என்று கோடு போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். நீச்சல் விஷயத்தில் விதி இளகியது: முழு உரிமத்துக்கு 200 மீட்டர் நீந்தி, 10 நிமிடம் மிதந்து காட்ட வேண்டும். பயிற்றுநரோடு ஒருமுறை இறங்கிப் பார்க்க அது தேவையில்லை; 12 மீட்டர்தான் எல்லை.

“பெலான் பெலான், ஆண்ட்டி” என்றார் மலாய்க்காரப் பயிற்றுநர். மூக்கைப் பிடித்து ஊதிக் காதைத் திறக்க வேண்டும், மூச்சை அடக்கவே கூடாது என்று இரண்டே பாடம். அக்கா சொன்னபடி கேட்டாள். காலை உதைக்கவில்லை, கையை வீசவில்லை. துடுப்பு நுனி கறுத்த குட்டிச் சுறாக்கள் கீழே போயின. பேராமை ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. ஏறி வந்தபோது அவள் உருளையில் பாதிக்கு மேல் காற்று மிச்சம்.

மருமகன் கதை வேறு. தினமும் ஜிம்முக்குப் போகிறவன். பத்து மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பு, இருபதில் மும்மடங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் காற்று அந்த அளவுக்குக் கரையும். தசை நிறைந்த இளைஞன் நீரோட்டத்தை எதிர்த்து உதைத்தால் உருளை என்னாகும்? குழுவில் முதலில் மேலே வந்தவன் அவன்தான்.

அக்கா இருக்கும் பிரிக்பீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருப்பதால், நடைபாதையில் பதித்த புடைப்புக் கற்களைக் கைத்தடியால் தடவிப் போகிறவர்களை அங்கே தினமும் பார்க்கலாம். அவர்களைப் போன்ற பார்வையற்றவர்களும் முக்குளிக்கிறார்கள். கையசைவுச் சைகைக்குப் பதில் கையை அழுத்திச் சொல்லும் சைகை. கலிபோர்னியாவில் 1981இல் தொடங்கிய ஊனமுற்றோர் ஸ்கூபா சங்கம், தன்னையும் துணையையும் காக்க முடிந்தவருக்கு ஒரு துணை, முடியாதவருக்கு இரண்டு துணை என்று வகுத்திருக்கிறது. கால் வராதவருக்கும் தண்ணீரில் எடை இல்லை. தடை பெரும்பாலும் படகில் ஏறுவதிலும் மரத்துறையின் படிகளிலும்தான். நம் தீவுகளில் அதைச் சரிசெய்ய யாரும் அவசரப்படுவதாகத் தெரியவில்லை.

இன்னொரு கோடியில், இதே தென்சீனக் கடலில் குவாந்தானுக்கு அப்பால் 1941 டிசம்பர் 10 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் போர்க்கப்பல்கள் கிடக்கின்றன. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் பொழுதுபோக்கு முக்குளிப்பின் 40 மீட்டர் எல்லைக்கு வெகு கீழே. இரண்டிலுமாக 840 பேர் இறந்த கல்லறை அது. அங்கே போக எனக்கு ஆசையில்லை.

நவம்பரில் பருவக்காற்று எழுந்தால் தீவே அடங்கிவிடும். மார்ச் முதல் அக்டோபர்வரைதான் காலம்.

திரும்பும்போது ஒரு தகராறு. மறுநாள் காலையே கெந்திங் மலைக்குப் போவதாக மருமகன் நண்பர்களிடம் சொல்லி வைத்திருந்தான். கெந்திங் உயரம் சுமார் 1,800 மீட்டர். பலமுறை முக்குளித்தவர் விமானம் ஏற 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்ற எச்சரிக்கை மலைக்கும் பொருந்தும், உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறியாக வேண்டும். அவன் முகம் தொங்கிவிட்டது. அக்கா என்னிடம் கேட்டாள்: “ஒருதரம்தான் இறங்கினேன், எனக்கு 12 மணி நேரம் போதும்தானே? அப்ப நான் போகலாம்ல?”